பெக்கோ வந்த பிறகு விழிக்காதீர்கள்: களப்பைக் காக்கும்போது நாம் விடும் தவறுகள்

கண்டல் காட்டை வெட்டி இறால் பண்ணை போடப் போகிறார்கள் என்ற செய்தி, பெரும்பாலும் பெக்கோ (மண் அகழும் இயந்திரம்) வந்து இறங்கிய அன்றுதான் ஊருக்குத் தெரிகிறது. பிறகு பதாகை, கோஷம், வீதிமறியல். மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையில் இறால் பண்ணைக்கும் இல்மனைட் என்ற கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டம் நமக்குத் தந்த நாட்களைத் தவறவிட்டு வீதிக்கு இறங்கினால் பாதி பலம் ஏற்கெனவே போய்விட்டது.

அந்த நாட்கள் வெறும் 30. இலங்கையின் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பெரிய திட்டமொன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். பகிரங்க விசாரணை வையுங்கள் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். யாரும் கேட்காவிட்டால் அதை நடத்த அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் மனம் வராது. நான் இருந்த ஒரு கூட்டத்தில், அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டதையே அந்தக் காலம் முடிந்த பிறகுதான் அறிந்தோம். கரைவலைக்காரர் ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

“இது சின்னத் திட்டம், அறிக்கை தேவையில்லை” என்ற பதிலை நம்பித் திரும்பிவிடுவது அடுத்த தவறு. 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவதும், அதே அளவுக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்பும், 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதும், 99 அறைகளைத் தாண்டும் விடுதியும் மதிப்பீடு கட்டாயமான திட்டங்களின் பட்டியலில் உண்டு. ஆகவே காணியைத் துண்டு துண்டாகக் காட்டுகிறார்களா என்று முழு நில அளவைப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். லகுகலை, குமண போன்ற தேசியப் பூங்காக்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால், வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி தனியாக வேண்டும். பொத்துவில், பாணமைப் பக்கத்தார் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

ஆட்சேபக் கடிதத்தில் “யானை வருகிறது, பறவை வருகிறது” என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் ஒரு வரியாகக் கிடக்கும். எந்த மாதம், எத்தனை, எந்த வழியாக? இரவில் களப்பில் தொழில் செய்பவருக்குக் கூழைக்கடா அடையும் மரமும் தெரியும், கொடுப்புலி (மீன்பிடிப் பூனை) இறங்கும் கரையும் தெரியும். அவரிடம் கேட்டுத் திகதியோடு குறித்து, படம் எடுத்து வையுங்கள். ஆனால் கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு முகநூலில் போடாதீர்கள். வேட்டைக்காரனும் அதைப் பார்ப்பான்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. அம்பாறை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். திட்டக்காரர் எந்த இனத்தவர் என்று யாராவது பேசத் தொடங்கிய கணமே காடு பின்னால் போய்விடுகிறது; கூட்டமும் உடைகிறது. யானைக்குப் பயந்து விழித்திருக்கும் விவசாயி மூன்று சமூகத்திலும் இருக்கிறார். முதல் கடிதத்திலேயே மூன்று ஊர்களின் கையொப்பமும் இருக்கட்டும்.

வேலைவாய்ப்பு பற்றிய கேள்விக்கும் பதில் வைத்திருங்கள். பண்ணையில் வேலை கிடைக்கும் என்று நம்பும் இளைஞனைத் துரோகி என்று ஏசக்கூடாது. 1990களில் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி நோய் தாக்கியதும் புத்தளத்தில் எத்தனை இறால் குளங்கள் கைவிடப்பட்டன என்று சொல்லுங்கள். கண்டல் வேரடியில்தான் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன என்பதை அவனுடைய தகப்பனே சொல்வார்.

பிரதேச செயலகத்து அறிவித்தற் பலகையையும் வர்த்தமானியையும் வாரந்தோறும் பார்க்க ஊரில் ஒருவரை நியமியுங்கள். சந்தேகம் வந்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அதிகாரி தீர்மானிக்க வேண்டும். வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை விழுந்த பிறகே அலுவலகப் படி இறங்குங்கள்.