பால்மர (ரப்பர் மர) இலையில் மோனோடைப்: தொடங்குவோருக்கு

வழுவழுப்பான தகட்டில் மையால் படம் அமைத்து, ஈரம் காயுமுன் தாளில் ஒற்றி எடுக்கும் அச்சுமுறையே மோனோடைப். தகட்டில் எதுவும் செதுக்கப்படுவதில்லை என்பதால் அதே படம் மறுமுறை கிடைக்காது. 1640களில் ஜெனோவா ஓவியர் காஸ்டிலியோனே இதைக் கையாண்டார். பின்னர் பிரான்சின் எட்கார் டெகா 300க்கும் மேற்பட்ட அச்சுகளை எடுத்தார். அச்சு எந்திரமும் கட்டாயமில்லை. அமெரிக்க ஓவியர் மாரிஸ் பிரென்டர்காஸ்ட் கரண்டியால் தேய்த்தே அச்சிட்டவர்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருப்போர், ஓரத்தில் டேப் ஒட்டிய கண்ணாடியையோ அக்ரிலிக் தகட்டையோ பயன்படுத்தலாம். கை ரோலரையும் மையையும் இணையத்தில் வாங்கலாம். நம் வெக்கையில் நீர் கலந்த மை விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும் என்பதால் எண்ணெய் மையே நல்லது.

முதலில் கனமான தாளை நீரில் நனைத்து, துண்டுகளுக்கிடையே ஒற்றி, பளபளப்பு மறையும்வரை வையுங்கள். அடுத்து மையைத் தகட்டில் மெல்லிதாகப் பரப்புங்கள். ரோலர் மெல்லச் சரசரக்க வேண்டும். சப்பென்று ஒட்டி ஒலித்தால் மை மிகுதி என்று பொருள். பெரும்பாலான அச்சுகள் கெடுவது இந்த இடத்தில்தான்.

இனி, பச்சையான பால்மர இலையின் காம்பில் கசியும் பாலைத் துடைத்துவிட்டு, நரம்பு புடைத்த அடிப்புறம் மையில் படுமாறு வையுங்கள். செம்பனை ஓலையின் தடித்த நடுநரம்பு தாளைக் கிழித்துவிடும். தொடக்கத்தில் அது வேண்டாம். சுற்றியுள்ள மையைத் துணியாலோ தீக்குச்சியாலோ துடைத்து வெளிச்சப் பகுதிகளை உருவாக்கலாம். எழுத்து சேர்ப்பதானால், அச்சில் இடவலம் மாறும் என்பதை மனத்தில் கொண்டு கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும்.

தாளை மேலே பரப்பி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்து உரித்தால், கருமையின் நடுவே இலை வெறும் வெள்ளை உருவமாக வரும். பலர் இத்துடன் தகட்டைக் கழுவிவிடுகின்றனர்; அவசரப்பட வேண்டாம். இலையை எடுத்துவிட்டு, இன்னொரு தாளை வைத்துச் சற்று அழுத்தித் தேய்த்தால், மையில் பதிந்திருந்த நரம்புகள் அனைத்தும் அதில் துலங்கும். என் கணிப்பில் இவ்விரண்டாம் அச்சே அழகு. டெகா தம் மங்கலான இரண்டாம் அச்சுகள் பலவற்றின்மேல் பேஸ்டல் வண்ணம் தீட்டி, தனி ஓவியங்களாகவே ஆக்கினார்.

தகட்டைச் சமையல் எண்ணெயால் துடைத்துப் பிறகு சோப்பால் கழுவலாம். எண்ணெய் மை படிந்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் விரித்தே உலர்த்துங்கள். அச்சுகளைக் கொடியில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் அவை காயப் பல நாள்கள் பிடிக்கும்.