க்ராஷ் டீம் ரேசிங்: சறுக்கத் தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்

போன மாதம் தம்பியின் பழைய பிளேஸ்டேஷனைப் பரணிலிருந்து இறக்கினேன். பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு டிஸ்க், க்ராஷ் டீம் ரேசிங். 1999இல் நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கிய கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) பந்தயம். என் மகள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு?" என்றாள். இரண்டு பந்தயம் ஓட்டினாள், இரண்டிலும் எட்டாவது இடம். "மொக்கை" என்று கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

தப்பு என்னுடையதுதான். எதையும் சொல்லித்தராமல் கையில் கொடுத்துவிட்டேன். இந்த விளையாட்டைப் பார்வைக்கு வைத்து மதிப்பிட்டால் தோற்றுவிடும்; திருப்பத்தில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்தத் திருப்பம் கைக்கு வர இரண்டு மூன்று மாலைகள் ஆகும்.

முதலில் டிவி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைப் பழைய டப்பா டிவியில் சொருகினால் பட்டனை அழுத்தியதும் வண்டி திரும்பும். நான் புது எல்இடி டிவியில், மலிவான எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வழியாகப் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத சின்னத் தாமதம் வந்தது, நேரம் பார்த்துத் தட்டினால் கிடைக்கும் வேகத் தள்ளு, அதாவது பூஸ்ட், எல்லாமே தவறியது. வயசாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். டிவி மெனுவில் 'கேம் மோட்' போட்டதும் பாதி வயசு திரும்பி வந்தது. முடிந்தால் கன்வெர்ட்டர் இல்லாமல் நேராகச் சொருகுங்கள்.

அடுத்து டைம் டிரயலுக்குப் போங்கள். எதிராளியும் இல்லை, ஆயுதமும் இல்லை, நீங்களும் கடிகாரமும் மட்டும். க்ராஷ் கோவ் என்ற கடற்கரைத் தடத்தை எடுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது போலார் அல்லது பூரா நல்லது. வேகம் குறைவு என்றாலும் சட்டென்று திரும்புவார்கள். டைனி, டிங்கோடைல் மாதிரி கனத்த ஆட்கள் நேர்கோட்டில் பறப்பார்கள், திருப்பத்தில் உங்களைச் சுவருக்குக் காணிக்கை கொடுத்துவிடுவார்கள். அவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எக்ஸ் பட்டனை விடாமல் ஓட்டிக்கொண்டே, திருப்பம் வரும்போது கண்ட்ரோலரின் மேல் விளிம்பில் வலப்பக்கம் உள்ள ஆர்1ஐ அழுத்துங்கள். கார்ட் சின்னதாக ஒரு துள்ளல் போடும். அது தரையைத் தொடும்போது ஆர்1ஐயும் விடக்கூடாது, திசையையும் விடக்கூடாது. அப்படியே சறுக்க ஆரம்பிக்கும். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பட்டை வளர்வது தெரியும். அது சிவப்பானதும் இன்னொரு கையின் எல்1ஐ ஒரு தட்டுத் தட்டுங்கள். புஸ்ஸென்று ஒரு தள்ளு. சறுக்கலை விடாமலே இதை மூன்று தடவை செய்யலாம். பட்டை நிரம்பும் விளிம்பு வரை காத்திருந்து தட்டினால் தள்ளு பெரிது. பேராசைப்பட்டு ஒரு நொடி தாண்டினால் எஞ்சின் இருமும், பூஸ்ட் போச்சு.

முதலில் எல்லோரும் மூலையில் இருக்கும் பட்டையையே பார்ப்பார்கள், வண்டி போய் மோதும். கொஞ்சம் பழகியதும் பட்டையை விட்டுவிட்டு வண்டியின் புகையைப் பாருங்கள். சரியான நேரத்தில் அது கருப்பாகும். கண் தடத்திலேயே இருக்கும். என் தம்பி போனில் சொன்னது இன்னும் சுருக்கம்: "அக்கா, கட்டைவிரலை மறந்துடு. எல்லாம் ஆள்காட்டி விரல்லதான் இருக்கு."

மூன்று பூஸ்ட்டும் விழுந்த முதல் திருப்பத்தை மகள் கத்திக் கொண்டாடினாள். அவள் முதல் நாள் நேரம் 1:58. ஒரு வாரத்தில் 1:43. ஒவ்வொரு நாளும் நேரத்தைத் தாளில் எழுதி வைத்தோம். மதிப்பிட நினைப்பவர்களுக்கு அந்தத் தாள்தான் முக்கியம். நேரம் இறங்கிக்கொண்டே இருந்தால் விளையாட்டில் கற்க இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் நாளே நின்றுவிடுகிற கார்ட் விளையாட்டுகள் நிறைய உண்டு, அவற்றைச் சுவரொட்டி அழகுக்காகத்தான் வாங்கியிருப்போம்.

இதற்குப் பிறகு பந்தயத்துக்குப் போகலாம். எட்டு பேர், மூன்று சுற்று. வழியில் கிடக்கும் வும்பா பழத்தைப் பத்து வரை சேர்த்தால் வண்டி வேகமும் கூடும், ஆயுதமும் முறுக்கேறும்: டிஎன்டி பெட்டி தொட்டதும் வெடிக்கும் நைட்ரோவாகும், பச்சைக் குடுவை சிவப்பாகும். அடி வாங்கினால் பழம் சிதறும். எனவே ஆயுதப் பெட்டிக்கு அடித்துக்கொள்வதைவிட முதல் சுற்றில் பழம் பொறுக்குவது புத்திசாலித்தனம். டிஎன்டி தலையில் ஏறிவிட்டால் பதறாதீர்கள், ஆர்1ஐ விடாமல் தட்டித் துள்ளிக்கொண்டே இருந்தால் கழன்று விழும். மகளுக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்தது இதுதான். வேண்டுமென்றே போய் டிஎன்டியை வாங்குகிறாள். மேட்டிலிருந்து பாயும் விளிம்பில் ஒரு துள்ளல் போட்டால் காற்றில் கூடுதல் நேரம் மிதப்பீர்கள், இறங்கும்போது அதற்கும் ஒரு பூஸ்ட் உண்டு.

சூவர் ஸ்பீட்வே என்ற தடத்தில் சாக்கடைக் குழாயின் சரிந்த சுவரில் ஏறி மேலே உள்ள துளைக்குள் தாவுகிற குறுக்குவழியை நான் 20 தடவைக்கு மேல் முயன்று, இரண்டு முறைதான் நுழைந்தேன். ஆனால் தவறியபோதெல்லாம் ஏன் தவறியது என்று தெரிந்தது: பூஸ்ட் போதவில்லை, அல்லது துள்ளல் தாமதம். தோல்விக்குக் காரணம் எனக்கே புரிந்தால் அந்த விளையாட்டுக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன். முதலிடத்தில் போகும்போது கடைசித் திருப்பத்தில், முதலாவதாகப் போகிறவரைத் துரத்தி அடிக்கும் வார்ப் ஆர்ப் என்ற ஆயுத உருண்டை வந்து சாய்க்கும்போது மட்டும் புரிந்தும் எரிச்சலாக இருக்கிறது.

குறையும் இருக்கிறது. தடம் தடமாக ஜெயித்துக் கோப்பை சேர்க்கும் அட்வென்ச்சர் மோடில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் முடிகிற வரை அவர்தான். நடுவில் மாற்ற வழியில்லை. பீனாக்ஸ் நிறுவனம் 2019இல் செய்த மறுபதிப்பில் மாற்றலாம். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெறும் திடலில் ஓட்டிப் போவதும் சில நாளில் அலுப்புத் தட்டும். மெமரி கார்டு நல்லதாக இருக்கிறதா என்று முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய கார்டு ஆறு கோப்பைகளைத் தின்றுவிட்டது. நான்கு பேர் ஒன்றாக ஆட மல்டிடேப் என்ற துணைக் கருவி வேண்டும், எங்களிடம் இல்லை. அம்மா, மகள் இருவருக்கு இரண்டு துளையே போதும்.

16 கோப்பைகளையும் நான்கு 'பாஸ்' எதிரிகளையும் தாண்டினால் கடைசியில் வருவது நைட்ரஸ் ஆக்ஸைடு. பூமியைக் கான்கிரீட் போட்டுக் கார் நிறுத்தும் இடமாக மாற்றப்போவதாக மிரட்டுகிற வேற்றுக்கிரகவாசி. பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். "அழுகுணி ஆட்டம்மா இது!" என்று மகள் கொதித்தாள். கொதிக்கலாம், ஆனால் விரட்டிக்கொண்டு போய் அவன் வால் பிடிக்காதீர்கள். வழி நெடுக ஆயுதங்களைப் பின்னால் போட்டுக்கொண்டே போவான். அவன் கோட்டிலிருந்து ஒரு வண்டி அகலம் விலகி, விழுவதைப் பார்த்து வளைந்து, மூன்றாம் சுற்றின் அகலமான இடத்தில் மூன்று பூஸ்ட்டையும் சேர்த்து விடுங்கள். நாங்கள் ஒன்பதாம் முயற்சியில் இருக்கிறோம். நேற்று அரை வண்டி நீளத்தில் போனது. "இன்னொரு தடவை" என்றாள், மணி பத்தரை.