வரியை எண்ணி வாங்குங்கள்: மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

எங்கள் அம்மா முக்கூடலில் முப்பது வருசம் பீடி சுற்றினாள். நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, 2005-இல் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சம்பளக் கவரை அம்மா கையில் கொடுத்தபோது அவள் அதைப் பிரிக்கவில்லை.

"ஏட்டி, எத்தனை வரி அடிச்சே? எண்ணி வச்சிருக்கியா?"

நான் எண்ணவில்லை.

"அப்போ கடைக்காரன் எண்ணினதை வாங்கிட்டு வந்திருக்கே" என்று சொல்லிவிட்டு இலை வெட்டப் போய்விட்டாள்.

இப்போது எங்கள் தெருவில் டிகிரி முடித்த பிள்ளைகள், "அக்கா, எம்.டி. வேலைக்குப் போலாமா?" என்று வந்து கேட்கிறார்கள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனைத்தான் சுருக்கி எம்.டி. என்பார்கள். போகலாம். போவதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் போனிலோ ரெக்கார்டரிலோ பேசிவைப்பார். என்ன தொந்தரவு, பரிசோதனையில் என்ன தெரிந்தது, என்ன மருந்து. அந்தக் குரல் ஃபைல் இங்கே வரும். காலால் பெடலை மிதித்து ஓட்டி நிறுத்திக் கேட்டு, ரிப்போர்ட்டாக அடித்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் 12 மணி நேரமோ 24 மணி நேரமோ கெடு இருக்கும். அவசர ஃபைலை 'ஸ்டாட்' என்பார்கள், அதற்கு இன்னும் குறைவு. நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் விடிகாலை 3.30, கோடையில் 2.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். நம் வீட்டுக் கடிகாரம் அப்படியே இருக்கும், ஷிப்ட் மட்டும் ஒரு மணி நேரம் நகரும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் அப்பாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை, நான்தான் லேட்டாக வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

காதைச் சோதித்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்

பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் உங்கள் காதை நீங்களே சோதித்துப் பாருங்கள். யூடியூபில் ஓர் அமெரிக்க டாக்டரின் பாடத்தைப் போட்டு, கீழே ஓடும் எழுத்தை அணைத்துவிட்டு, ஒரே ஒரு நிமிடம் கேட்டு அடியுங்கள். பிறகு எழுத்தைப் போட்டு ஒத்துப் பாருங்கள். முதல் நாள் பாதிக்கு மேல் ஓட்டையாக இருக்கும், அது பரவாயில்லை. பதினைந்து நாள் தினமும் செய்த பிறகும் ஓட்டை அப்படியே இருந்தால் அந்த ஃபீஸ் பணத்தை வேறு படிப்புக்குப் போடுங்கள். விலங்கியல், தாவரவியல் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என் பக்கத்து சீட்டில் இருந்தவள் பி.காம்., என்னைவிட நன்றாக அடிப்பாள்.

சொற்களைத் துண்டாக்கிப் படியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தது, 'ஆஸ்டமி' என்றால் உடம்பில் திறப்பு வைத்தது. இப்படி நூறு துண்டு தெரிந்தால் ஆயிரம் சொல் பிடிபடும். ஆனால் ஆளை விழுத்தாட்டுவது பெரிய சொல் இல்லை, சின்னச் சின்ன ஒலிதான். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. ஹைப்போ, ஹைப்பர். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் ஐலியம், இடுப்பெலும்பும் ஐலியம். காதுக்கு இரண்டும் ஒன்று, எழுத்தில் நடுவே ஒன்றுதான் மாறும்.

பயிற்சியில் நான் வாங்கிய முதல் திட்டு இப்படித்தான். ஒரு டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். மருந்தின் பெயர் 'செலெ' என்று கேட்டது, மீதியை நானே முடித்து செலெக்சா என்று அடித்தேன். அது மனச்சோர்வுக்கான மாத்திரை. டாக்டர் சொன்னது செலிப்ரெக்ஸ், மூட்டு வலிக்கு. அந்தக் கிழவிக்கு முழங்கால் வலி என்று இரண்டு பத்திக்கு முன்னால் நானேதான் அடித்திருந்தேன்! நாங்கள் அடித்ததைத் திருத்தும் எடிட்டர் அக்கா கூப்பிட்டு, "தெரியலைன்னா பிளாங்க் விடு, கதை விடாதே" என்றார். பிளாங்க் விட்டால் கொஞ்சம் மார்க் போகும். கதை விட்டால் அங்கே ஓர் ஆள் தப்பான மாத்திரையை விழுங்குவார். மேலேயும் கீழேயும் படியுங்கள், அதே டாக்டரின் பழைய ரிப்போர்ட்டைப் பாருங்கள், மருந்து அகராதியைப் புரட்டுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் நேரத்தைக் குறித்து பிளாங்க் விட்டு நகர்ந்துவிடுங்கள்.

வரி என்றால் எது வரி

இனிச் சொல்லப்போவதை இரண்டு தடவை படியுங்கள்.

கூலி வரிக் கணக்கில்தான். திரையில் தெரியும் வரி வரி இல்லை. இந்தத் தொழிலில் 65 எழுத்து சேர்ந்தால் ஒரு வரி. சொற்களுக்கு நடுவில் விடும் இடைவெளியும் எழுத்தாகச் சேருமா, சேராதா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேர்டில் 'வேர்ட் கவுண்ட்' அழுத்தினால் இடைவெளியோடு எத்தனை எழுத்து, இடைவெளி இல்லாமல் எத்தனை என்று இரண்டு எண்ணும் வரும். ஒரு நாள் வேலை இடைவெளியோடு 65,000 எழுத்து என்றால் 1,000 வரி. அதே வேலை இடைவெளியைக் கழித்தால் 56,000 என்று வரலாம், அப்போது 861 வரிதான். வரிக்கு அரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் எழுபது ரூபாய் வித்தியாசம். அடித்த விரல் அதேதான்.

அடுத்து, தலைப்பு, டாக்டர் பெயர், முகவரி எல்லாம் கணக்கில் உண்டா? சில டாக்டர்கள் "என் நார்மல் எக்ஸாமைப் போட்டுக்கோ" என்பார்கள், ஒரு பட்டனில் ஒரு பத்தி வந்து விழும். அதற்குக் காசு உண்டா? எடிட்டர் திருத்தும் முன் எண்ணுகிறார்களா, பின்னால் எண்ணுகிறார்களா? இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது. "சார், இதை ஒரு மெயிலில் போட்டுவிடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். மெயில் வராத இடத்தில் யோசித்துச் சேருங்கள்.

வருமானத்தை அவர்கள் காட்டும் சார்ட்டைப் பார்த்து நம்பாதீர்கள், நீங்களே போடுங்கள். என் அனுபவத்தில் ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ பத்து வரி. புதிதாக வந்தவருக்கு ஒரு நிமிடப் பேச்சை அடிக்க எட்டு நிமிடம் பிடிக்கும். சாப்பாடு, டீ போக ஷிப்டில் 420 நிமிடம் மிச்சம் என்றால் 52 நிமிடப் பேச்சு, 520 வரி. அதே அரை ரூபாய்க்கு 260 ரூபாய். கை தேறி ஒரு நிமிடத்துக்கு நான்கு நிமிடம் என்று வந்தால்தான் இது இரட்டிக்கும். அதற்கு எனக்கு ஒன்றரை வருசம் ஆனது.

அம்மாவுக்கு இலை கொடுப்பார்கள். ஓட்டை இலை, பழுத்த இலை கலந்து வரும். அதில் எண்ணிக்கை குறைந்தால் அவள்தான் கைக்காசில் இலை வாங்கி ஈடுகட்டுவாள். சுற்றிக் கொண்டுபோனதில் கடைக்காரர் கழித்துப் போடுவது வேறு. எங்கள் தொழிலில் ஆடியோதான் இலை. தெளிவாகப் பேசும் டாக்டரின் ஃபைல் டீம் லீடருக்கு வேண்டியவர்களுக்குப் போகும். லிஃப்டுக்குள் நின்று பேசுகிறவர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத வேகக்காரர், இவர்கள் புதுப் பிள்ளைக்கு வருவார்கள். மாதக் கடைசியில் "டார்கெட் வரலையே" என்பார்கள். ஃபைல் வரிசைப்படி தானாக விழுகிறதா, ஆள் பிரித்துக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். கஷ்ட டாக்டருக்குக் கூடுதல் காசு உண்டா என்றும் கேளுங்கள். தரம் 98 சதவீதத்துக்குக் கீழே போனால் பிடித்தம் என்றால், அந்த ஒரு ஃபைலுக்கா, மாதம் முழுமைக்குமா? திருத்திய ஃபைல் உங்கள் கண்ணுக்கு வருமா? திருத்தத்தைக் காட்டாமல் மார்க்கை மட்டும் குறைக்கும் இடத்தில் வேலையும் கற்க முடியாது, காசும் நிற்காது.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை ஃபைல், எத்தனை நிமிடம், எத்தனை வரி, எத்தனை பிளாங்க். நோயாளி பெயரை மட்டும் அதில் எழுதக் கூடாது. நோயாளி விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்லும் அமெரிக்காவின் 1996-ஆம் வருச ஹிப்பா சட்டம் இருக்கிறது. சந்தேகத்தைக் கேட்பதற்காகத் திரையைப் படம் பிடித்துத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வேலையை இழந்த பிள்ளை ஒன்று எங்கள் அலுவலகத்திலேயே உண்டு.

உங்களுக்கு மேலே எத்தனை பேர்

மருத்துவமனை நேராக உங்களுக்குக் கொடுப்பதில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று எடுக்கும், அதனிடமிருந்து சென்னையிலோ பெங்களூருவிலோ ஒரு நிறுவனம், அதனிடமிருந்து நம்மூர் மாடி அறை, அங்கிருந்து வீட்டில் அடிக்கும் அக்காமார். ஒவ்வொரு படியிலும் காசு கழியும். எங்காவது ஒரு படி சரிந்தால் அடி கடைசிப் படிக்கு.

2003 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கராச்சியிலிருந்து ஒரு மெயில் போனது. எனக்கு வர வேண்டிய கூலியை வாங்கித் தராவிட்டால் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை இணையத்தில் போடுவேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். மருத்துவமனைக்கு அவள் யாரென்றே தெரியாது. அவர்கள் வேலையைக் கொடுத்தது உள்ளூர் நிறுவனத்துக்கு. அது ஃபுளோரிடாவில் ஒருவருக்குக் கைமாறி, அங்கிருந்து டெக்சாஸ் போய், டெக்சாஸிலிருந்து கராச்சிக்குப் போயிருந்தது. அவள் செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது மனசில் நின்றது அந்தப் படிக்கட்டுதான். 2013-இல் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு, கைமாறி எடுப்பவரையும் ஹிப்பா நேராகக் கட்டுப்படுத்துகிறது. ரகசியத்துக்கு அந்தக் காவல், கூலிக்கு ஒன்றும் இல்லை.

எனக்கும் நடந்தது. இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் மேல்படிக்காரர் பணம் அனுப்பவில்லை என்று இரண்டு மாதம் சொன்னார்கள். மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு.

அதனால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: வேலை எங்கிருந்து வருகிறது, நீங்கள் எத்தனாவது கை? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பி.எஃப். வேண்டும், 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. பிடித்தம் சீட்டில் இருந்தால் போதாது, பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணை வாங்கி, பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் போனில் பாருங்கள். சம்பளச் சீட்டு இல்லாமல் டி.டி.எஸ். என்று வருமான வரியை மட்டும் பிடித்தால் அவர்கள் கணக்கில் நீங்கள் ஊழியர் இல்லை, கான்ட்ராக்டர். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். எங்கள் அம்மாவுக்கு 1966-ஆம் வருச பீடித் தொழிலாளர் சட்டம் இருந்தது. வீட்டுத் திண்ணையில் இருந்து சுற்றினாலும் அவள் தொழிலாளிதான், அடையாள அட்டை, பி.எஃப். எல்லாம் உண்டு. கம்ப்யூட்டர் வேலை என்று தெருவே பெருமைப்பட்ட எனக்கு முதல் நான்கு வருசம் அது இல்லை.

கரண்டும் நெட்டும் போனால் என்ன ஏற்பாடு என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணாரப்பேட்டையும் முங்கின. நான் அப்போது வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்தேன். இன்வெர்ட்டர் தீரும் முன்பே, கையில் இருக்கும் ஃபைலை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அடுத்த மூன்று நாள் சிக்னல் இல்லை. செய்தி அனுப்பாமல் விட்ட இரண்டு பேருக்குக் கெடு தாண்டியதாகப் பிடித்தார்கள். ஆறு இங்கே ஏறியது அங்கே யாருக்குத் தெரியும்?

உடம்பைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். ஒலியைக் கூட்டாதீர்கள், வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். பெடலைக் கால் மாற்றி மிதியுங்கள். ராத்திரி ஷிப்ட் என்றால் வேன் வீட்டு வாசல்வரை வருமா, முக்கு வரைக்கும்தானா என்று முதல் நாளே கேளுங்கள்.

இப்போது நிறைய இடங்களில் முழுசாக அடிப்பது இல்லை. மெஷின் அடித்துக் கொடுத்ததைக் கேட்டுத் திருத்துவதுதான் வேலை. கூலி பாதி அளவில் நிற்கும், ஆனால் வேலை பாதி ஆகாது. மெஷின் எழுத்துப் பிழை விடாது, அதனால் கண் நம்பிவிடும். 'அலர்ஜி இல்லை' என்பதில் 'இல்லை' விழுங்கப்பட்டிருக்கும், வாக்கியம் அழகாகத்தான் இருக்கும். திருத்த எடுத்தால் திரையைப் பார்க்காமல் ஒரு தடவை காதால் மட்டும் கேளுங்கள், பிறகு படியுங்கள்.

மெடிக்கல் கோடிங்குக்கு மாறலாமா என்றும் கேட்கிறீர்கள். நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் போடும் வேலை அது. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10 என்ற நோய் எண் பட்டியலுக்கு மாறிய பிறகு எண்கள் பெருத்துவிட்டன. கோடிங் ஆட்களுக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மதிப்பு உண்டு, தேர்வுக் கட்டணம் டாலரில். டிரான்ஸ்கிரிப்ஷனில் இரண்டு வருசம் இருந்தவர்களுக்கு ரிப்போர்ட் படிப்பது பழகியிருக்கும், அது கைகொடுக்கும். அங்கே எண்ணுவது வரி இல்லை, சார்ட், அதாவது ஒரு நோயாளியின் ரிப்போர்ட் கட்டு. ஒரு மணிக்கு எத்தனை சார்ட், எத்தனை பக்கம் இருந்தால் ஒரு சார்ட் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.