தாயும் குழந்தையும் காணாமல் போன வழக்குகள்: தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காணாமல் போனவர்களின் விவரங்களையும், பெயர் தெரியாமல் கிடக்கும் உடல்களின் விவரங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வேலைக்குத் தன்னார்வலர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு தாயும் கைக்குழந்தையும் சேர்ந்து காணாமல் போன வழக்கு என்றால் கேட்கவே வேண்டாம், எல்லோருக்கும் அதில்தான் கண். புதிதாக வருபவர்களின் குறிப்புகளைக் கொஞ்ச காலமாக நான் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் எங்கே சறுக்கினோமோ, அங்கேயேதான் அவர்களும் சறுக்குகிறார்கள். தேதியை மாற்றி எழுதுவது, ஒரே பெயரில் உள்ள இரண்டு ஊர்களைக் குழப்பிக்கொள்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படித் தாமாகச் சரியாகிற ரகம் இல்லை.

இருவரையும் ஒரே ஆளாக நினைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

புதிதாக வந்த ஒருவர் தன் அட்டவணையை அனுப்பியிருந்தார். நல்ல உழைப்பு. ஒவ்வொரு உடலுக்கும் ஒரு வரிசை. உயரம், தலைமுடி நிறம், பற்கள், உடைகள், கண்டெடுத்த இடம் என்று வரிசையாகக் கட்டங்கள். அதில் ஒரு வரிசை கிட்டத்தட்ட முழுக்கப் பச்சை. உயரம் பொருந்துகிறது, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, இடது முன்கையில் பழைய எலும்பு முறிவு ஆறிய தடம் இருக்கிறது. கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பு: ‘குழந்தை இல்லை. நீக்கப்பட்டது.’ ஏன் என்று கேட்டேன். “அவங்க குழந்தையோடதானே போனாங்க?” என்றார்.

போனது சேர்ந்துதான். கிடைப்பதும் சேர்ந்துதான் என்று யார் சொன்னது?

பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புத் துண்டுகள் இருக்கும். வளர வளர அவை ஒன்றோடொன்று இணைந்துதான் பெரியவர்களின் 206 ஆகின்றன. அந்தத் துண்டுகளில் பலவும் மிகச் சிறியவை, மெல்லியவை. மண்ணில் சீக்கிரம் கரைந்துவிடும், மழைநீர் அடித்துப் போகும், விலங்குகள் இழுத்துப் போகும். பயிற்சி இல்லாத கண்ணுக்குச் சிறு பிராணியின் எலும்பாகவும் தோன்றும். தாயின் உடல் கிடைத்த இடத்தில் குழந்தை கிடைக்கவில்லை என்றால், குழந்தை அங்கே இருந்ததே இல்லை என்று அர்த்தமில்லை. அப்படியே அங்கே இருந்ததே இல்லை என்றாலும், அந்தப் பெண் வேறொருவர் என்று அர்த்தமில்லை.

இரண்டாவது சாத்தியத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. குழந்தை உயிரோடு இருக்கலாம், வேறு பெயரில்.

1981 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மான்செஸ்டர் நகரிலிருந்து ஓர் இளம்பெண் தன் ஆறு மாதக் கைக்குழந்தையோடும், கூட இருந்த ஆணோடும் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு வீட்டார் அவரைப் பார்க்கவில்லை. 1986-இல், நாட்டின் மறுகோடியான கலிஃபோர்னியாவில், ஒரு வாகன வீட்டுப் பூங்காவில் வசித்த ஆள் ஒரு சிறுமியை அங்கிருந்த தம்பதியிடம் விட்டுவிட்டு மறைந்துபோனான். தன் மகள் என்றுதான் சொல்லியிருந்தான். பின்னாளில் டிஎன்ஏ சோதனை செய்தபோது அவன் அப்பாவே இல்லை என்று தெரிந்தது. அந்தச் சிறுமி தத்துக்கொடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவளானாள். தான் யார் என்பது 2016-இல், மரபணு வழியாகச் சொந்தபந்தங்களைத் தேடும் முறையில்தான் அவளுக்குத் தெரிந்தது. மான்செஸ்டரிலிருந்து போன கைக்குழந்தை அவள்தான். அவளை விட்டுவிட்டுப் போனவன், அன்று கூடக் கிளம்பிய அதே ஆள். தாய் கிடைக்கவில்லை.

இந்த வழக்கைத் ‘தாய் + குழந்தை’ என்று ஒரே வரிசையில் போட்டு, உடல்களின் பட்டியலில் மட்டும் தேடியிருந்தால் எத்தனை காலம் தேடினாலும் ஒன்றும் வந்திருக்காது. இங்கே தேட வேண்டியிருந்தது இறந்த குழந்தையை அல்ல. பெற்றோர் யாரென்று தெரியாமல் எங்கோ வளர்ந்துகொண்டிருந்த பெண்ணை.

அந்த ஆளைப் பின்தொடர்ந்து போன விசாரணை நியூ ஹாம்ப்ஷயரிலேயே ஆலன்ஸ்டவுன் என்ற ஊரில் வந்து நின்றது. அங்கே பேர் புரூக் மாநிலப் பூங்காவை ஒட்டிய காட்டில் 1985-இல் ஒரு பீப்பாய் கிடைத்திருந்தது. உள்ளே ஒரு பெண், ஒரு சிறுமி. அங்கிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் தள்ளி இன்னொரு பீப்பாய் இருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்டது 2000-இல். அதற்குள் இன்னும் இரண்டு சிறுமிகள். ‘ஒரு பெண், ஒரு குழந்தை’ என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த 15 ஆண்டுகளும் அந்த இரண்டாவது பீப்பாய் அங்கேதான் கிடந்தது.

நான்கு பேர் என்று தெரிந்ததும் கணக்கு அடுத்த பக்கம் சாய்ந்தது. ஒரு தாய், மூன்று மகள்கள் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மூத்தவளும் கடைக்குட்டியும்தான் அந்தப் பெண்ணின் இரத்த உறவு. நடுவில் உள்ளவள் இல்லை என்று டிஎன்ஏ சொன்னது. கொலையாளி அந்த ஆள்தான், நடுவில் உள்ளவள் அவனுடைய மகள் என்பது 2017-இல் வெளியானது. தாய்க்கும் இரண்டு மகள்களுக்கும் 2019-இல் பெயர் கிடைத்தது. நடுப்பிள்ளைக்கு 2025-இல்தான் கிடைத்தது. அவளைப் பெற்றவர் வேறொரு பெண்; அவரும் காணாமல் போனவர். மூன்று மகள்களோடு காணாமல் போன தாயைத் தேடியவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்க வழியே இருக்கவில்லை. அப்படி ஒருவர் இல்லை.

ஆகவே தாய்க்கு ஒரு கோப்பு, குழந்தைக்கு ஒரு கோப்பு. இரண்டையும் தனித்தனியாகப் பொருத்திப் பாருங்கள். தாயை மட்டும் தனியாக, குழந்தையை மட்டும் தனியாக, பிறகு சேர்த்து. குழந்தையின் கோப்பில் உயிரோடு கண்டெடுக்கப்பட்ட, கைவிடப்பட்ட பிள்ளைகளின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. இது தாய்வழியாக மட்டுமே இறங்குவது. தாய்க்கும் குழந்தைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். பாட்டி, பெரியம்மா, சித்தி, தாய்மாமா என்று அம்மா வழியில் யாராவது ஒருவர் மாதிரி கொடுத்திருந்தால் அது இருவருக்குமே உதவும். சரி, இங்கேதான் அடுத்த சறுக்கல். ஒரு பெண்ணின் உடலும் ஒரு குழந்தையின் உடலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏயில் ஒத்துப்போனால் உடனே ‘தாயும் பிள்ளையும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெண் குழந்தையின் அக்காவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம். அறிக்கையில் ‘தாய்வழி உறவு’ என்று இருந்தால் நீங்களும் அப்படியே எழுதுங்கள். ஒரு படி தாண்டி எழுதினால், பின்னால் வருபவர்கள் எல்லோரும் அந்தப் படியிலிருந்தே தொடங்குவார்கள்.

‘நீக்கப்பட்டவர்’ என்று பார்த்ததும் பக்கத்தைப் புரட்டுவது

காணாமல் போனோரையும் பெயர் தெரியாத உடல்களையும் பதிந்துவைக்கும் அமெரிக்காவின் நாம்அஸ் போன்ற தரவுத்தளங்களில், ஓர் உடல் யாருடையது இல்லை என்று உறுதியானதோ அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்திருப்பார்கள். அதில் தாயின் பெயர் இருந்தால் அந்த உடல் தாயுடையது இல்லை, அவ்வளவுதான். பக்கத்தில் கிடைத்த குழந்தையின் எலும்புகளுக்கு அதே சோதனை நடந்ததா என்பது தனிக் கேள்வி. ஆலன்ஸ்டவுன் நடுப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போனோர் பட்டியலில் இல்லையென்றால் ஆளே இல்லை என்று நினைப்பது

மேலே சொன்ன மான்செஸ்டர் பெண்ணைக் காணவில்லை என்று அப்போது யாரும் புகார் கொடுக்கவில்லை. பணக் கஷ்டத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று வீட்டில் நினைத்தார்கள். ஆலன்ஸ்டவுன் தாயின் குடும்பமும் அப்படித்தான். 1978-இல் வீட்டில் ஒரு சண்டை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், கோபத்தில் தொடர்பை அறுத்துக்கொண்டார் என்றே எடுத்துக்கொண்டார்கள். ‘கோபித்துக்கொண்டு போய்விட்டாள்’ என்ற ஒரு வாக்கியம் ஒரு வழக்கு உருவாகாமலே செய்துவிடும்.

பிள்ளைகளோடு போகும் பெண்ணுக்கு இது கூடுதலாக நடக்கிறது. தனியாகப் போனால் ‘என்ன ஆச்சோ’ என்று தேடுவார்கள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால், யோசித்துத் திட்டம் போட்டுத்தான் போயிருக்கிறாள் என்று சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.

ஆலன்ஸ்டவுன் பெயர்களுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் நூலகர். குடும்ப வரலாறு தேடுவோர் கூடும் இடங்களில், ‘என் உறவுக்காரப் பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் பற்றி யாருக்காவது தெரியுமா’ என்று பல ஆண்டுகளுக்கு முன் சொந்தக்காரர்கள் விட்டுவைத்திருந்த விசாரிப்புகளைப் பொறுமையாகப் படித்துக்கொண்டே வந்தவர். இன்னொரு பக்கம், வேர் இல்லாத வெறும் முடியிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் முறையைப் பேராசிரியர் எட் கிரீன் உருவாக்கியிருந்தார். அதை வைத்து மரபணு வம்சாவளி ஆய்வாளர் பார்பரா ரே-வெண்டர் உறவுமரத்தை வரைந்தார். இரண்டு வழியும் ஒரே பெயர்களில் வந்து முடிந்தன. இரண்டுமே காவல்துறைப் பட்டியலுக்கு வெளியே இருந்து வந்தவை. தத்துப் பதிவுகள், பள்ளியில் சேர்ந்து பாதியில் நின்ற பிள்ளைகள், அக்கா எங்கே என்று கேட்டு யாரோ எழுதிய பழைய வரிகள் எல்லாமே தேட வேண்டிய இடங்கள்தான்.

எலும்பு சொன்னதை அப்படியே நம்புவது

பருவம் வராத பிள்ளையின் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று நம்பிச் சொல்ல முடியாது. டிஎன்ஏ வேண்டும். பழைய கோப்பில் ‘சிறுமி’ என்று இருந்தால் அது எதை வைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். சட்டையையும் முடி நீளத்தையும் பார்த்து எழுதியதாகக்கூட இருக்கும். ஒரு மகனோடு காணாமல் போன தாயை இந்த ஒரு சொல்லுக்காகத் தள்ளிவிடாதீர்கள்.

வயது விஷயத்தில் நிலைமை நேர் எதிர். பிள்ளைகளின் பற்கள் முளைக்கும் ஒழுங்கு ஓரளவு சீரானது என்பதால், குழந்தையின் வயது கொஞ்சம் நெருக்கமாகவே கிடைக்கும். தாயின் வயது அப்படி இல்லை. பத்து வருட இடைவெளி கொடுத்திருந்தாலும் அதற்கு வெளியே விழுவதுண்டு. புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். தாயின் வயதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தையின் வயதைத் தளர்த்திவிடுகிறார்கள்.

இறந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்ற மதிப்பீடு இவை எல்லாவற்றையும்விட நழுவலானது.

முகம் அப்படியே இருக்கிறது என்று பரவசப்படுவது

மூக்கு நுனி, உதடு, காது மூன்றிலும் எலும்பு இல்லை. மண்டையோட்டிலிருந்து வரைந்த முகத்தில் இவை ஓவியரின் ஊகம். காணாமல் போன குழந்தை இப்போது இப்படி இருக்கலாம் என்று வயதைக் கூட்டி வரையும் படமும் புகைப்படம் அல்ல.

கணவன்தான், காதலன்தான் என்று தீர்ப்பு எழுதுவது

பல வழக்குகளில் அது உண்மையாகவும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் விடவே மாட்டேன் என்கிறது. ஆனால் பெயர் போட்டு எழுதியதைத் திரும்ப எடுக்க முடியாது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, முந்தைய மாதமே காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரை இணையத்தில் பலர் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மகனைத் தேடிக்கொண்டிருந்த வீட்டாருக்குச் சாபங்கள் வந்து குவிந்தன. சில நாட்களில் அவருடைய உடல்தான் கிடைத்தது.

குடும்பத்துக்கு நேராக எழுதுவது

கூடாது. ‘இருக்கலாம்’ என்றுகூட எழுதக் கூடாது.

உயிரோடு இருப்பவரை ஊருக்கே காட்டிக்கொடுப்பது

தேடும் கதை இறந்த கதையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, முகவரியை மறைத்து வாழ்கிற பெண்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ‘என் மனைவியையும் மகளையும் காணோம், உதவுங்கள்’ என்று கண்ணீரோடு படம் போடுபவர், அந்தப் பெண் யாரிடமிருந்து ஓடினாரோ அந்த ஆளாகவே இருக்கக்கூடும். படத்தைப் பார்த்து எங்களுக்கு எழுதி, ‘இவங்களை நேத்து பேருந்து நிலையத்துல பார்த்தேன், கூட ஒரு பாப்பா இருந்துச்சு’ என்று இடத்தோடு நேரத்தோடு சொல்லிவிடுகிற நல்ல மனசுக்காரர்கள் உண்டு. அதே தகவலை அந்தப் படத்துக்குக் கீழேயும் எழுதியிருப்பார்கள். பார்த்த இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள்; படம் போட்டவருக்குத் தனியாகவும் சொல்லாதீர்கள். காவல்துறைக்கு மட்டும் சொல்லுங்கள். நலமாக இருக்கிறார் என்று உறுதிசெய்துகொண்டு, இருக்குமிடத்தைச் சொல்லாமலே வழக்கை முடிக்க அவர்களால் முடியும். நம்மால் முடியாது.

காவல்துறை வழக்கு எண் இல்லாத வேண்டுகோளைப் பகிராமல் இருப்பது நல்லது.

நாற்பது பக்கம் அனுப்புவது

பொருத்தம் கிடைத்ததாகத் தோன்றினால் அந்த உடலின் வழக்கைக் கையாளும் அதிகாரிக்கு ஒரே பக்கம் போதும். இரண்டு வழக்குகளின் எண், பொருந்தும் விஷயங்கள், பொருந்தாத விஷயங்கள், எந்தச் சோதனை செய்தால் முடிவு தெரியும் என்பது. பொருந்தாதவற்றையும் கட்டாயம் எழுதுங்கள். அதை மறைத்து அனுப்பியவரின் அடுத்த கடிதத்தை யாரும் கவனமாகப் படிப்பதில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் தனித்தனிப் பத்தி. பதில் பெரும்பாலும் வராது. அனுப்பிய தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த கோப்பை எடுங்கள். பல மாதம் கழித்து அந்த உடலின் நீக்கப்பட்டோர் பட்டியலில் நீங்கள் சொன்ன பெயர் புதிதாகச் சேர்ந்திருந்தால், உங்கள் கடிதத்தை யாரோ படித்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.