கழுவாத கம்பளி: வசந்தத்தில் வாங்கி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கழுவும் முறை

சிங்கப்பூரில் கையால் பின்னுவோருக்கும் தக்கிளியில் நூற்போருக்கும், கடையில் விற்கும் நூலோடு நின்றுவிடாமல், ஆட்டிலிருந்து கத்தரித்தெடுத்த கம்பளியையே வாங்கிக் கழுவி நூற்க வேண்டும் என்ற ஆசை என்றாவது ஒருநாள் வரத்தான் செய்கிறது. அந்த ஆசைக்கு இரண்டு தடைகள் உண்டு: நம் ஊரில் வசந்தம் இல்லை, நம் வீடுகளில் கொல்லைப்புறமும் இல்லை. முதல் தடையை ஒரு விமானச்சீட்டு தீர்த்துவிடும். இரண்டாவதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பண்ணையிலும் கம்பளித் திருவிழாவிலும் எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும்.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வசந்தம் மார்ச் முதல் மே வரை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அமெரிக்காவின் மேரிலாந்து ஆட்டுக் கம்பளித் திருவிழா மே மாதத் தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் நடைபெறுவதால், மே தின விடுமுறையோடு சில நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு போய் வரலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குச் செப்டம்பரில் வரும் ஒரு வார விடுமுறையே வசதி. அப்போது நியூசிலாந்துப் பண்ணைகளில் குட்டிகள் துள்ளித் திரியும். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரில் நடக்கும் பெரிய ஆட்டுக் கம்பளிக் கண்காட்சி ஜூலையில், அதாவது அங்கே குளிர் வாட்டும் பருவத்தில், வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது.

வசந்தத்தில் சிறு பண்ணையில் ஒருவருக்கும் ஓய்விருக்காது. செம்மறி ஆடு ஏறக்குறைய 147 நாள் சினையிருக்கும். ஆகையால் இலையுதிர் காலத்தில் கிடா சேர்த்த மந்தை, புல் துளிர்க்கும் வேளையில் ஈனத் தொடங்கும். பல பண்ணைகளில் ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கம்பளியைக் கத்தரித்துவிடுகிறார்கள். குட்டிக்கு மடி எளிதில் அகப்படும் என்பது ஒரு காரணம். நூற்பவருக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று. சினையின் கடைசி நாள்களிலும் பால் கொடுக்கும் தொடக்கத்திலும் ஆட்டின் உடல் தளர்வதால், அப்போது வளரும் இழை மெலிந்துவிடுகிறது. ஈனுமுன் கத்தரித்தால் அந்த மெலிவு அடுத்து வளரும் இழையின் நுனியருகே போய்விடும். நெடுநாள் கழித்துக் கத்தரித்தால் இழையின் நடுவில் தங்கி, சீவும்போது அறுபடும். எனவே பண்ணைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், எப்போது ஈன்றது, எப்போது கத்தரித்தீர்கள் என்று கேளுங்கள். கர்ப்பிணிகள் ஈனும் ஆடுகளையும் புதுக்குட்டிகளையும் நெருங்கவே கூடாது. கருவைப் பாதிக்கும் கிருமிகள் அவற்றிலிருந்து தொற்றக்கூடும்.

பதில் எதுவாக இருந்தாலும், கம்பளியைக் கையிலெடுத்துச் சோதித்துப் பார்த்தே வாங்க வேண்டும். பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையைப் பிரித்தெடுத்து, இரு முனைகளையும் இறுகப் பிடித்து, காதருகே வைத்து வெடுக்கென்று இழுங்கள். தந்தியைச் சுண்டியதுபோல் தெளிவான ஓசை வந்தால் இழை உறுதியானது. படபடவென்று பொரிவதுபோல் கேட்டால் உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். ஒரே இடத்தில் சோதிப்பது போதாது. தோள், விலா, பின்தொடை என மூன்று இடங்களிலாவது இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு கற்றையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கத்தரிப்பவர் ஒரே இடத்தில் இரண்டாம் முறை கத்தியை ஓட்டியிருந்தால் பொடிப்பொடியான துண்டுகள் அங்கே உதிரும்; நூலில் முடிச்சு முடிச்சாக வந்து நிற்பவை அவையே. நுனியில் படிந்த பழுப்பு அழுக்கு கழுவினால் போய்விடும். பளிச்சென்ற மஞ்சள் கறை எத்தனை முறை கழுவினாலும் போகாது. வைக்கோல் தூசியைப் பற்றி விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கப் போகிறவர் நீங்கள்தான்.

திருவிழாவுக்கு முதன்முறை போகிறவர்களின் கை தானாகவே மெரினோ இன ஆட்டின் கம்பளியை நோக்கிப் போகும். மெரினோ மென்மையானதுதான்; ஆனால் அதில் லனோலின் என்னும் கொழுப்பு மிகுதி; கழுவி முடிக்கையில் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை காணாமல் போகும்; சற்றே அசைத்தாலும் இழைகள் பின்னிக்கொண்டு கெட்டித் துணியாகிவிடும். அடுக்குமாடி வீட்டில் முதன்முதலாகக் கழுவுவோர் ராம்னி அல்லது காரிடேல் இனத்துக் கம்பளியை வாங்குவதே என் பரிந்துரை. ராம்னியின் இழை பெரும்பாலும் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடிமனாக இருப்பதால் கழுத்துத் துணிக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் கொழுப்புக் குறைவு, கற்றை நீளம், கழுவும்போது எளிதில் கெடாது. முழு ஆட்டின் கம்பளி மூன்று நான்கு கிலோ வரும் என்பதால், பாதியையோ ஒரு கிலோவையோ பிரித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கழுவாத கம்பளி விலங்குப் பொருள். அதைக் கொண்டுவர அனுமதி தேவையா என்பதைப் பயணத்துக்கு முன்பே தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவையிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பண்ணையில் நடந்த காலணிகளின் மண்ணையும் அங்கேயே கழுவிவிடுங்கள். அடுத்து ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்பவர்கள் பண்ணைக்குச் சென்றதை வருகை அறிக்கையில் தெரிவிக்க வேண்டும்.

இனி வீட்டில் கழுவும் முறைக்கு வருவோம். ஒரு வேளைக்கு அரை கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டாம். கற்றைகளைக் கலைக்காமல் வலைப்பையில் தளர்வாக வைத்து, குழாய்த் தண்ணீரில் இரவு முழுதும் ஊற விடுங்கள். காலையில் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். வியர்வை உப்புகளும் மண்ணும் கரைந்த அந்த நீரில் பொட்டாசியம் இருப்பதால், தண்ணீர் கலந்து தாழ்வாரத்துச் செடிகளுக்கு ஊற்றலாம். அடுத்து கொழுப்பை நீக்க வேண்டும். லனோலின் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியசில் இளகும். ஆகவே வாளியில் நீர் 60 முதல் 65 டிகிரி வரை இருக்க வேண்டும். குளியலறைச் சுடுநீர் அந்த அளவுக்குச் சூடேறாது என்பதால் கெண்டியில் கொதிக்க வைத்து அளவாகக் கலந்து, வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, நுரை அடங்கியபின் பையை மெல்ல அமிழ்த்துங்கள். என்சைம் கலந்த சலவைத்தூளைப் பயன்படுத்தவே கூடாது; சட்டையிலுள்ள முட்டைக் கறையைக் கரைக்கும் என்சைம், புரதத்தாலான கம்பளியையும் விட்டுவைக்காது.

பையை அமிழ்த்தியபின் வாளியை மூடிவைத்துப் பேசாமல் இருந்துவிட வேண்டும். கிளறுவது, பிசைவது, கம்பளியின் மேல் நேராகக் குழாயைத் திறப்பது, சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றுவது ஆகிய அனைத்தும் இழையின் செதில்களை ஒன்றோடொன்று கோத்துவிடும். 15 நிமிடத்துக்குள், நீர் ஆறிக் கொழுப்பு மறுபடி இழையில் ஒட்டுவதற்கு முன், பையை வெளியே எடுத்து, நீரை மாற்றி, அதே சூட்டில் இன்னொரு முறை செய்யுங்கள். நீர் பால்போல் கலங்குவது நின்றதும் சோப்பில்லாத சுடுநீரில் இரண்டு முறை அலசினால் போதும். கடைசியில் சற்றே பிசுபிசுப்பு மிஞ்சினால் விட்டுவிடுங்கள். நூற்கும்போது அது உதவியாகவே இருக்கும். கழிவுநீரைச் சல்லடை வழியாக ஊற்றினால் ரோமம் குழாயை அடைக்காது.

உலர்த்துவதுதான் இங்கே பெரும்பாடு. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் காய்ந்ததுபோலவே தெரியும். நம் காற்றோ எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. துணி காயப்போடும் மூங்கில் கழி இதற்கு உதவாது. காற்றில் பறக்கும் ரோமம் கீழ்வீட்டு அக்காவின் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டினால் மின்தூக்கியில் சந்திக்கும்போது என்ன சொல்வீர்கள்? பையைத் துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை உறிஞ்சவிட்டு, கால்வைத்த வலைத்தட்டில் பரப்பி, கீழிருந்து மின்விசிறிக் காற்றுப் படும்படி வையுங்கள். இரவில் குளிர்சாதன அறைக்குள் மாற்றினால் இன்னும் விரைவில் காயும். காய்ந்ததா என்பதைக் கையால் முடிவு செய்யாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு நாள்கள் எடை மாறாதிருந்தால் எடுத்து வைக்கலாம்.

எடுத்து வைப்பதற்கு முன், உள்ளே பூச்சியோ முட்டையோ இருந்தால் சாகும்படி, காற்றுப் புகாத பையில் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்திருங்கள். வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்தால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த கம்பளியில் நீராகப் படிந்துவிடும். அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒருநாள் காத்திருங்கள். பூசணி விதையைப் போலத் தட்டையான சாம்பல் நிறக் கூட்டை இழுத்துக்கொண்டு நம் சுவர்களில் ஊர்கிறதே, அந்தப் புழு கம்பளியையும் தலைமுடியையும் விரும்பித் தின்னும். ஆகவே துணிப்பையை நம்பாமல் இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் வைத்து, மாதத்துக்கு ஒரு முறை திறந்து அடிவரை புரட்டிப் பாருங்கள்.