காதால் எழுதியதைக் கண்ணால் மட்டும் வாசிக்காதீர்கள்: ஸ்விங் பிக் பேண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அமெரிக்க ஸ்விங் பேண்டுகள் (துள்ளலான ஜாஸ் வாசித்த பெரிய குழுக்கள்) வாசித்த இசையை இன்றைக்கு ஒரு கல்லூரி ஜாஸ் குழு எடுத்து வாசிக்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் பழைய ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் பங்கையும் எழுதி வைத்ததுதான் பெரும்பாலும் காரணம். பேண்டுத் தலைவரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டனின் இசைத்தாள்கள் 1988இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆனால் ஒத்திகையில் வாய்மொழியாகச் செய்த மாற்றங்களைத் தாளில் தேட முடியாது, ரெக்கார்டில்தான் கேட்க முடியும். ஆகவே ரெக்கார்டுதான் மூலம், தாள் அதற்கு வழிகாட்டி. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, ரெக்கார்டைக் கேட்காமலே ஒத்திகைக்கு வருவது. ஸ்விங்கில் ஓர் அடியைப் பாதியாகப் பிரிக்கும் இரண்டு எட்டாம் நோட்டுகளைச் சமமாகத்தான் எழுதுவார்கள், வாசிக்கும்போது முதலாவது நீளும். எவ்வளவு நீளும் என்பது பாட்டின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடக் கூட இரண்டும் சமத்தை நெருங்கும். இதை எந்தக் குறியாலும் எழுதிவிட முடியாது. கீர்த்தனைப் புத்தகத்தில் ஸ்வரம் இருக்கும், கமகம் குருவின் குரலில் இருக்கும் அல்லவா, அப்படித்தான். ஒரு வாரம் கேளுங்கள், உங்கள் பங்கை வாயால் பாடிப் பாருங்கள், அப்புறம் வாத்தியத்தை எடுங்கள்.

நீங்களே கேட்டு எழுதுபவரானால் சுருதியில் ஏமாறாதீர்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 ஆர்.பி.எம். ரெக்கார்டுத் தட்டின் வேகம் ஆறு சதவீதம் பிசகினாலே சுருதி அரை ஸ்வரம் தள்ளிப் போய்விடும். ஊதுகருவிகளுக்கு வசதியான ஃபிளாட் சுருதிகளில்தான் (பி ஃபிளாட், ஈ ஃபிளாட் போன்றவை) இந்தப் பேண்டுகள் அதிகம் வாசித்தன. உங்கள் காதுக்கு ஈ மேஜர், பி மேஜர் போன்ற ஷார்ப் சுருதி என்று கேட்டால் முதலில் தட்டின் வேகத்தைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது உள்குரல்கள், அதாவது மேல் வரிக்கும் பாஸுக்கும் நடுவில் ஒலிக்கும் பங்குகள். முதல் டிரம்பெட்டும் பாஸும் தெளிவாகக் கேட்கும், நடுவில் இருக்கும் மூன்றாவது டிராம்போன் கேட்காது. அந்த இடத்தைப் பாடப்புத்தக விதிப்படி நிரப்பிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். எலிங்டனிடம் அது செல்லாது. 1930இல் வந்த ‘மூட் இண்டிகோ’வைக் கேளுங்கள். மேலே ம்யூட் (ஒலியை அடக்கும் அடைப்பு) போட்ட டிரம்பெட், அதை ஒட்டியே உயர்ந்த ஸ்தாயியில் ம்யூட் போட்ட டிராம்போன், கிளாரினெட்டோ வெகு கீழே. வழக்கமான வரிசையை அவர் கவிழ்த்துவிட்டார். அந்த ஏக்கமான நிறம் அந்த அடுக்கிலிருந்துதான் பிறக்கிறது. எந்த ஸ்வரம் யாருடையது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். அவருடைய தாள்களில் பல இடங்களில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக வாசிப்பவரின் பெயரே இருக்கும். கேட்காத ஸ்வரத்தை ஊகித்தால், ஊகம் என்று தாளிலேயே குறித்துவிடுங்கள். அடுத்து வருபவர் சரிபார்ப்பார்.

இதே காரணத்தால் வாத்தியத்தை மாற்றுவதும் தவறு. கிளாரினெட் ஊத ஆள் இல்லை என்று அந்தப் பங்கை சாக்சபோனுக்குக் கொடுத்தால் ஸ்வரம் இருக்கும், நிறம் போய்விடும். வார்த்தை பேசுவதுபோல் டிராம்போன் குழைய வேண்டிய இடத்தில், சிறிய ம்யூட்டை உள்ளே வைத்து வெளியே ரப்பர் பிளஞ்சரை (கிண்ணம் போன்ற மூடியை) பிடிக்கத்தான் வேண்டும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

தாளத்தைத் தாங்கும் ரிதம் செக்ஷனில்தான் (பியானோ, பாஸ், கிட்டார், டிரம்ஸ்) அதிகம் கெட்டுப்போகிறது. எலக்ட்ரிக் பாஸ், ஆம்ப்ளிஃபையர் வைத்த கிட்டார், டிரம்ஸின் ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டில் ஓயாத அடி என்று சேர்ந்தால் 1938 எங்கே கேட்கும்? கவுண்ட் பேஸியின் பேண்டில் ஃபிரெடி கிரீன் 1937இலிருந்து 1987இல் இறக்கும்வரை அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு தட்டினார். அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு மேல் இல்லாமல். தனியாகக் காதில் விழாது, பாஸோடும் டிரம்ஸோடும் கலந்து துடிப்பாக உணரப்படும். அதே பேண்டின் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் அந்த ஓட்டத்தை ஹை-ஹேட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டில்) வைத்தார். பெரிய டிரம்மை இறகால் தொடுவதுபோல் மிதிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பாஸ் கேட்கவில்லையா? அப்படியானால் ஊதுகிறவர்கள் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அந்தக் காலத்துக் குழு தன்னைத்தானே கேட்டுக்கொண்டது இப்படித்தான்.

சரி, ஒருவர் தனித்து வாசிக்கும் சோலோவை என்ன செய்வது? தாளில் எழுதியிருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அச்சுப்பிசகாமல் வாசிக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் தூக்கி எறியவும் கூடாது. எலிங்டன் 1940இல் பதிவுசெய்த ‘கன்செர்டோ ஃபார் கூட்டி’யில் கூட்டி வில்லியம்ஸின் டிரம்பெட் வரிதான் இசையமைப்பே. அதில் கைவைத்தால் எதுவும் மிஞ்சாது. பேஸியின் 1937 ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ நேர் எதிர். தாளில் எழுதாமல், பேண்டே கூடிச் சேர்த்த ரிஃப்களால் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்குகளால்) ஆனது அது. ரெக்கார்டில் இருப்பது அன்றைக்கு நடந்தது, தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிய மூன்று நிமிடம். அங்கே உங்கள் டெனர் சாக்சபோன் வாசிப்பவர் சொந்தமாகச் சோலோ எடுக்கட்டும். நன்றாகப் போகிறதென்றால் இன்னொரு சுற்று கொடுங்கள், பின்னால் எந்த ரிஃப் வர வேண்டும் என்பதைத் தலைவர் கையசைத்துச் சொல்லட்டும்.