டீசல் பிக்கப்பில் புகைக்கசிவா? எஞ்சின் சூடாகும் முன்பே தேடுங்கள்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் என் பிக்கப்பில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். நாலைந்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். கூடவே இழுவை குறைந்திருந்தது. ஏற்றத்தில் கரும்புகை, ஜன்னலைத் திறந்தால் நெடி. வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து, அடியில் படுத்து இரண்டு வாரம் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. சந்தேகத்தில் டௌன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்) கேஸ்கெட்டை, அதாவது இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகட்டை, மாற்றியும் சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டின் பின்கோடியில் ஒரு ஸ்டட் (அதை எஞ்சினோடு பிடித்துவைக்கும் திருகாணி) உடைந்து அங்கே கசிந்துகொண்டிருந்தது. நீங்கள் அவ்வளவு சுற்ற வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

தள்ளிப்போடாதீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. கேபினுக்குள் நெடி வருகிறது என்றால் அதைத்தான் சுவாசிக்கிறோம்.

டர்போவுக்கு முன்னாலா, பின்னாலா?

புகை போகும் வழி இது: மேனிஃபோல்டு, டர்போ, டௌன்பைப், கேட்டலிஸ்ட், டிபிஎஃப் எனப்படும் கரி வடிகட்டி, பிறகு சைலன்சர், வால்குழாய். இதில் டர்போதான் எல்லைக்கோடு: புகையின் அழுத்தத்தில் அதன் டர்பைன் சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும். அதற்கு முன்னால் கசிந்தால், டர்பைனைச் சுழற்ற வேண்டிய அழுத்தம் வெளியே போய்விடும். பூஸ்ட், அதாவது அந்தக் காற்றழுத்தம், குறையும், காற்று போதாமல் டீசல் சரியாக எரியாது, கரும்புகை வரும். பின்னால் கசிந்தால் பெரும்பாலும் சத்தமும் நெடியும் மட்டும்தான்.

டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்தாலும் இழுவை குறைந்து கரும்புகை வரும். ஆனால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் சீறும். புகைக்கசிவு விட்டுப்போவது உலர்ந்த கரி.

குளிர்ந்த எஞ்சினில் கேட்பது

நான் தவறவிட்ட இடம் இதுதான். மேனிஃபோல்டு சூடானதும் விரிந்து, விரிசலையும் கேஸ்கெட் இடைவெளியையும் தானே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சத்தம் அடங்குகிறது. உங்களுக்குக் கிடைப்பது முதல் இரண்டு மூன்று நிமிடம் மட்டுமே.

முந்தைய நாளே, எஞ்சின் ஆறிய பிறகு, மேனிஃபோல்டின் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிடுங்கள். இரவு முழுக்க வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். காலையில் இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்களே சாவியைத் திருப்பிவிட்டு ஓடிவந்தால் பாதி நேரம் போய்விடும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள், உலோகத்தில் தொடாமல். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே கையோ சட்டையோ போக வேண்டாம். கசியும் இடத்துக்கு நேரே வந்ததும் சத்தம் சட்டென்று கூர்மையாகும்.

அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து அங்கே கரித் தடம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு கோடிகளிலும் உள்ள ஸ்டட்களை முதலில் பாருங்கள். மேனிஃபோல்டு நீளவாக்கில் விரியும்போது அதிகம் இழுபடுவது அவைதான். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகப் படிந்திருந்தால் கதை வேறு: அடியில் இருக்கும் செப்பு வாஷர் போயிருக்கும். அதுவும் இதே 'டிக் டிக்' சத்தம்தான் தரும்.

காற்றும் சோப்பு நீரும்

எஞ்சின் ஓடாமல், முழுக்க ஆறிய நிலையில், வேக்குவம் கிளீனரின் காற்று ஊதும் வாயை வால்குழாயில் செருகி, சுற்றிலும் துணியால் அடையுங்கள். இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். அடியில் போவதானால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

கசிவு தேடப் புகை ஊதும் ஸ்மோக் மெஷினைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். வால்குழாய் வழியாகப் புகை விட்டால் டிபிஎஃப் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மேனிஃபோல்டு வரை சரியாக வந்து சேராது. ஸ்மோக் மெஷின்தான் வேண்டும் என்றால், டிபிஎஃபுக்கு முன்னால் உள்ள வெப்ப சென்சாரைக் கழற்றி அந்தத் துளை வழியே விடுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் கொஞ்சம் புகை வந்தால் பயப்பட வேண்டாம். திறந்திருக்கும் வால்வுகள் வழியாக அப்படி வரும்.

டிபிஎஃபைக் குறை சொல்லும் முன்

வால்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். டிபிஎஃப் நன்றாக இருந்தால் துணியில் லேசான அழுக்குதான் வரும். கன்னங்கரேல் என்று வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களையும் பாருங்கள். அதில் ஒன்று வெடித்திருந்தாலே அளவு தவறிப்போய், நல்ல டிபிஎஃபையும் கெட்டதாகக் காட்டும்.

சரிசெய்யும்போது

டர்போவுக்கு முன்னால் ஒட்டுப்பசை எதையும் பூசாதீர்கள். அது காய்ந்து, பெயர்ந்து, டர்பைன் இறக்கையில் போய் அடிக்கும். உடைந்த ஸ்டட்டை எடுத்ததும் மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் புது ஸ்டட்டும் உடையும். அப்படியானால் முகத்தைச் சமப்படுத்தக் கொடுக்க வேண்டும். புது கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். டௌன்பைப் இணைப்பைச் சுற்றிப் பிடிக்கும் வி-பேண்ட் கிளாம்பை ஒரேயடியாக இறுக்காமல், ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி இறுக்கினால் ஒழுங்காக உட்காரும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரிசெய்த பிறகும் எப்போதாவது எரிந்த நெடி வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த நேரத்தில் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) கொஞ்சம் ஏறுகிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அப்படியென்றால் டிபிஎஃப் தன்னிடம் சேர்ந்த கரியை எரிக்கிறது என்றே நினைக்கிறேன். உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறும். அது முடியும் வரை ஓட்டுங்கள், வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள்.